போஸ்னியப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே வாசித்துவிடுகிறார்களாமே, நம் பிள்ளைகளுக்கு எங்கே சிக்குகிறது?

மேலூர்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விநோதமாக இருக்கும், சிரிக்காமல் படியுங்கள். மேலூர் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறை, மொத்தம் 23 பிள்ளைகள். போன மாதம் ஒரு பயிற்சியில் மற்ற நாட்டுப் பிள்ளைகள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் போஸ்னியா நாட்டில் பேசுகிற போஸ்னிய மொழி பற்றிப் பேச்சு வந்தது. அதில் மொத்தமே 30 எழுத்துதான், ஓர் எழுத்துக்கு ஒரே சத்தம், ஒரு சத்தத்துக்கு ஒரே எழுத்து, அதனால் பள்ளியில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் கூட்டி வாசித்துவிடுவார்கள் என்றார்கள். அதோடு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள், டீயும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் என் வகுப்பில் ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டைப் பார்த்தால் தூரத்திலிருந்தே "மாட்டுத்தாவணி", "ஆரப்பாளையம்" என்று படபடவென்று சொல்வான். அவன் அம்மாவுக்கு அதில் பெருமை. நான் கரும்பலகையில் "தாவணி" என்று மட்டும் எழுதிக் காட்டினேன், முழிக்கிறான். அதாவது போர்டைப் படமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். சரி, எழுத்து தெரியாதோ என்று பார்த்தால் அட்டையில் தனித்தனியாகக் காட்டும்போது தா, வ, ணி எல்லாம் சொல்கிறான்! பாடப்புத்தகத்தைத் திறந்து "சிறுவன் மரத்தடியில் அமர்ந்தான்" என்ற வரியை வாசிக்கச் சொன்னால் "அ... மர்... ந்... தான்" என்று சரியாகத்தான் சத்தம் கொடுக்கிறான், கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். அவன் வாசித்தது என்னவென்று நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022லிருந்து அட்டை, பாட்டு, செயல்பாடு எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன், குறை சொல்ல மாட்டேன், பலன் தெரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. எழுத்து குறைவாக இருப்பதுதான் போஸ்னியப் பிள்ளைகளின் ரகசியம் என்றால் நமக்கு அந்த வழி இல்லை, 247ஐ யாரும் குறைக்கப் போவதில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

டீச்சர், போஸ்னியா எல்லாம் எதுக்கு? செல்போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் தானாக வாசிப்பான்கள். எங்க காலத்தில் இத்தனை ஆராய்ச்சியா பண்ணினார்கள்.

ஓய்வு_வாத்தியார்:

தம்பி வைகைக்கரை, உங்கள் காலத்திலும் நான் வாத்தியாராக இருந்தேன். வாசிக்க வராதவர்கள் ஐந்தாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கப் போனார்கள், அதனால் அவர்கள் உங்கள் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான்.

டீச்சரம்மா, நல்ல கேள்வி. உசிலம்பட்டி வட்டாரத்தில் 34 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் எழுத்து பற்றி மட்டும் சொல்கிறேன், போஸ்னியா பற்றி விவரம் தெரிந்தவர்கள் வரட்டும்.

247 என்பது பூச்சாண்டி. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், இவை போக மீதி 216ம் இந்த முப்பதைக் கூட்டி வருவதுதான். கணக்குப் பார்த்தால் நாமும் போஸ்னியாவும் ஒரே முப்பதில்தான் நிற்கிறோம்! ஆனால் பிள்ளை கண்ணுக்கு அது அப்படித் தெரியாது. "கெ" என்று சொல்லும்போது க் முதலில் வருகிறது, எ பிறகு வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. "கொ" இன்னும் மோசம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கு, சு, து, பு, மு என்று உகர வரிசையை எடுத்தால் ஒன்றுக்கு மேல்வால், ஒன்றுக்குக் கீழ்வால், ஒன்றுக்குச் சுழி. இதில் எந்த விதியையும் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது, பழகித்தான் வர வேண்டும். பக்கத்து மொழி கன்னடத்தில் சோனாலி நாக் என்பவர் 2007ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சொன்னார்: இந்த மாதிரி அட்சர எழுத்துகளைப் பிள்ளைகள் முழுசாகக் கைக்குள் கொண்டுவர ஒரு வருஷம் போதாது, நான்காம் வகுப்பு வரைக்கும் இழுக்கும். அதனால் உங்கள் பிள்ளைகள் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோமா, சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கிறோமா? ஆனா, ஆவன்னா, கானா என்று பாடவைத்துவிட்டு, "கடல்" வாசி என்றால் பிள்ளை "கானா டானா..." என்று ஆரம்பிக்கும். அதன் மேல் தப்பே இல்லை. நான் கடைசிப் பத்து வருஷம் கானாவை விட்டுவிட்டு வெறும் சத்தம்தான் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தால் மட்டும் கானா பாடுவோம்.

திருமங்கலத்தான்_வியன்னா:

ஊர் திருமங்கலம், இப்போது இருப்பது வியன்னா. இங்கே போஸ்னியர்கள் ஏராளம், 1990களில் அங்கே போர் நடந்தபோது வந்து தங்கியவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். என் பக்கத்து வீடும் அப்படித்தான். பள்ளியில் தாய்மொழி வகுப்பு உண்டு, போஸ்னியன், குரோஷியன், செர்பியன் மூன்றையும் ஒரே பாடமாக வைத்து நடத்துகிறார்கள், பேசினால் ஒருவருக்கொருவர் புரியும் மொழிகள்தானே. அந்த வீட்டுப் பெண் படிப்பதைப் பார்த்ததை வைத்தும் கொஞ்சம் படித்ததை வைத்தும் எழுதுகிறேன்.

டீச்சர் கேள்விப்பட்டது உண்மைதான். "பேசுவதுபோல் எழுது, எழுதியதுபோல் வாசி" என்பது அந்த மொழிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம். வூக் கராஜிச் என்ற செர்பிய மொழி அறிஞர் பேர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1818ல் அகராதி போட்டபோது, ரஷ்ய எழுத்து மாதிரி இருக்கிற சிரில்லிக் எழுத்தை ஒரு சத்தத்துக்கு ஓர் எழுத்து என்று வெட்டிச் சீர்செய்தார். லத்தீன் எழுத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் பார்க்கிற எழுத்துக்கு, அதே வேலையைக் குரோஷியாவின் ல்யூதெவித் காய் 1830ல் தொடங்கினார். எழுத்துக்கு மேல் குட்டிக் கொக்கி போடுவது அவர் வழிவந்ததுதான். அந்தக் கொக்கி போட்ட "சி"யைப் பார்த்தால் ச்ச என்று சொல்ல வேண்டும், எங்கே வந்தாலும், எந்தச் சொல்லில் வந்தாலும். விதிவிலக்கு தேட வேண்டியதில்லை.

சொற்களும் வேடிக்கையாக இருக்கும். டீக்கு "சாய்", நம்மூர் வட இந்தியக் கடையில் சொல்வதுதான். வீட்டுக்கு "குச்சா". முதல் தடவை கேட்டபோது நம்ம குச்சு வீடுதானோ என்று சிரித்துவிட்டேன், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதேசமயம் நாக்கை முறிக்கிற சொல்லும் உண்டு: விரலுக்கு "ப்ர்ஸ்த்". நடுவில் உயிரெழுத்தே கிடையாது! நாலு மெய் வரிசையாக நிற்கும், ர் தான் உயிர் வேலை பார்க்கும். நம் பிள்ளைகளை இதைச் சொல்லச் சொன்னால் "பிருசுத்து" என்பார்கள். ஆக எழுத்து எளிது என்பதற்காக எல்லாமே எளிது என்று இல்லை, மெய்க்கூட்டம் இருக்கிற சொற்களில் அங்கேயும் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

ஐரோப்பாவில் 13 மொழிகளை வைத்து ஒரு பெரிய ஒப்பீடு 2003ல் வெளியானது, செய்மூர் என்பவரும் கூட இருவரும் செய்தது. முதல் வகுப்பு முடிவில் பழக்கமான சொற்களைப் பிள்ளைகள் எவ்வளவு சரியாக வாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாம் 95 சதவீதத்துக்குக் குறையவில்லை. டேனிஷ் 71. ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்தில் வாசித்த பிள்ளைகள் 34. ஒரே கண்டம், எல்லாம் முதல் வகுப்பு; ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு வயசு கொஞ்சம் குறைவு, ஆனால் பெரிய வித்தியாசம் எழுத்துமுறையில்தான். போஸ்னியன் அந்தப் பதின்மூன்றில் இல்லை, ஆனால் அதன் எழுத்துமுறை பின்னிஷ், இத்தாலியன் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆங்கிலக் கூட்டம் இல்லை.

இங்கேதான் ஒரு "ஆனால்" வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அது தன் "புக்வாரை", அதாவது நம்ம அரிச்சுவடி மாதிரி, எடுத்து வந்து ஒரு பக்கத்தை என்னிடம் வாசித்துக் காட்டியது. தடையே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. நான் கைதட்டினேன். உடனே அது அம்மா பக்கம் திரும்பி ஜெர்மனில் கேட்டது, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" வீட்டில் ஜெர்மன்தான் அதிகம், அதனால் பாதிச் சொல் அதற்குத் தெரியாது. வாசிப்பு முழுசாக இருக்கிறது, புரிதல் பாதிதான். டீச்சர், உங்கள் "அமர்ந்தான்" பையனைப் படித்ததும் எனக்கு இந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது.

வெளிநாட்டில் வளர்கிற பெண் அப்படித்தான் என்று சொல்லலாம். போஸ்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுகிற பீசா தேர்வில் 2018ல் 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் 403. அந்தத் தேர்வை நடத்துகிற ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளுடைய சராசரி 487. அங்கே பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அடிப்படை என்று சொல்கிற இரண்டாம் நிலையைத் தொடவில்லை. அத்தனை சுலபமான எழுத்தை வைத்துக்கொண்டுதான் இது! எழுத்துக் கூட்டுவதை ஏழு வயதில் முடித்துவிட்டால் பதினைந்து வயதில் புரிந்து வாசிப்பார்கள் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை.

ஓய்வு_வாத்தியார்:

பீசாவை நாம் சிரிக்க முடியாது தம்பி. 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் ஹிமாச்சலும் எழுதின. வாசிப்பில் நமக்கு 337. அதோடு நாடே ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்னொரு கேள்வி, அவர்களுக்கு லத்தீனும் உண்டு, சிரில்லிக்கும் உண்டு என்கிறீர்களே, பிள்ளை இரண்டையும் படிக்குமா? குழம்பாதா? நமக்கே 1978ல் எம்ஜிஆர் அரசு பெரியார் எழுத்தை ஆணை போட்டு மாற்றியபோது பட்ட பாடு ஞாபகம் இருக்கிறது. யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த பழைய லை, னை, ணை போய்ப் புதுசு வந்தது. பழைய புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்றைக்கும் இது என்ன எழுத்து தாத்தா என்று கேட்கிறார்கள்.

திருமங்கலத்தான்_வியன்னா:

ஐயா, படிக்கிறார்கள். போஸ்னியன் பாடத்திட்டத்தில் முதலில் லத்தீன், அது நன்றாகப் பிடிபட்டபிறகு சிரில்லிக். செர்பியர் பெரும்பான்மையாக இருக்கிற ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்கா பகுதியில் சிரில்லிக் முதலில். நாடே நம்ம மதுரை மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய ஜனத்தொகை, 2013 கணக்கெடுப்பில் 35 லட்சம், அதற்குள் இத்தனை.

குழப்பம் எங்கே என்றால், சில எழுத்துகள் இரண்டிலும் ஒரே உருவம், வேறு சத்தம். லத்தீனில் பென்சிலுக்குப் போடுகிற "பி" இருக்கிறதல்லவா, அதே உருவம் சிரில்லிக்கில் "ர்". லத்தீன் "எச்" உருவம் அங்கே "ந்". "சி" உருவம் "ஸ்". பெல்கிரேடிலும் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்திலும் 1970, 80களில் லுகாதெலா, டர்வி, ஃபெல்ட்மன் என்பவர்கள் இதை வைத்து நிறையச் சோதனை செய்தார்கள். அப்போது அந்த மொழிக்குச் செர்போ-குரோஷியன் என்று பெயர். காற்று என்பதற்குச் செர்பிய வழக்கில் "வெதார்", போஸ்னியனில் "வ்யெதார்". வெதாரைச் சிரில்லிக் பெரிய எழுத்தில் எழுதி அதை லத்தீன் என்று நினைத்து வாசித்தால் "பெதாப்" என்று வரும், அர்த்தமே கிடையாது. இந்த மாதிரி இரண்டு விதமாக வாசிக்க முடிகிற சொல்லைக் காட்டினால், இரண்டு எழுத்தும் நன்றாகத் தெரிந்த பெரியவர்களே தயங்கித்தான் சொன்னார்கள். அதாவது அந்த எழுத்தில் பழகியவர்கள் சொல்லைப் பார்த்ததும் மண்டைக்குள் தானாகச் சத்தமாக மாற்றிவிடுகிறார்கள், வேண்டாம் என்றாலும் நிற்காது.

பேச்சுப்பயிற்சி_மதுரை:

ஸ்பீச் தெரபிஸ்ட், மதுரையில்தான் வேலை. நான் பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் பேச்சுக்காக வருகிறார்கள், மீதிப் பேர் "எல்லாம் பேசுறான், வாசிக்க மாட்டேங்கிறான்" என்று வருகிறார்கள். அதனால் இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வியன்னா அண்ணன் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. எழுத்தும் சத்தமும் ஒட்டி நடக்கிற மொழிகளில் பிள்ளைகள் எல்லோரும் சீக்கிரமே "சரியாக" வாசித்துவிடுவார்கள். அதனால் தப்பை எண்ணி யார் பின்தங்கியிருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. வேகத்தைப் பார்த்தால்தான் தெரியும். சால்ஸ்பர்க்கில் ஹைன்ஸ் விம்மர் 1990களிலேயே ஜெர்மன் பிள்ளைகளிடம் காட்டியது இதுதான்: டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, உள்ள பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிக்கிறது, ஒவ்வொரு சொல்லையும் புதுசாகப் பார்ப்பதுபோல் முக்கி முக்கி. போஸ்னியனுக்கும் இது பொருந்தும். அங்கேயும் டிஸ்லெக்சியா இருக்கிறது, எழுத்து சுலபம் என்பதால் அது இல்லாமல் போய்விடவில்லை. போஸ்னியாவின் துஸ்லா பல்கலைக்கழகத்தின் மிரெலா துரானோவிச் 2017ல் எழுதிய ஆய்வே அந்தப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைப் பற்றியதுதான். பேசுவதுபோல எழுது என்கிற மொழியில் எழுத்துப் பிழையா என்று கேட்கலாம். வரும். அங்கே இரண்டு வகைச் "ச்ச" உண்டு, வன்மையாக ஒன்று, மென்மையாக ஒன்று, தனித்தனி எழுத்து. போஸ்னியாவில் நிறையப் பேர் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். காதில் வித்தியாசம் இல்லை என்றால் பிள்ளை எதைப் போடும்? நம்ம ஊரில் "வாளப்பளம்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ழவை எங்கே போடுவது என்று திணறுகிற அதே கதை. ல, ள, ழ, அப்புறம் ர, ற, அப்புறம் ந, ன, ண. நம் பிள்ளைகள் கேட்டதைத்தான் எழுதுகிறார்கள், நாம் சிவப்பு மையில் சுழிக்கிறோம்.

எழுதுவதில் மட்டுமில்லை, வாசிப்பதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. "பெரியார் பஸ் நிலையம்" போர்டையே பாருங்கள். இரண்டு ப. முதல் ப வேறு சத்தம், இரண்டாவது ப வேறு சத்தம். பகல், பக்கம், பங்கு மூன்றிலும் க மூன்று மாதிரி. தமிழ்ச் சொல் என்றால் இடத்தைப் பார்த்து எந்தச் சத்தம் என்று சொல்லிவிடலாம், ஆனால் காந்தி, பஸ், டீச்சர் எல்லாம் வந்தபிறகு சொல் தெரிந்தால்தான் சத்தம் தெரியும். இருந்தாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எவ்வளவோ தேவலை. கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் பையனுக்கு வருகிறேன். என் கணிப்பு, அவனுக்கு எழுத்துப் பிரச்சினை பாதிதான். மீதிப் பிரச்சினை "அமர்ந்தான்" என்ற சொல்லில் இருக்கிறது. போஸ்னியப் பிள்ளை "குச்சா" என்று எழுத்துக் கூட்டி முடிக்கிறபோது, அது தினமும் வாயில் சொல்கிற அதே சொல் காதில் விழுகிறது. அட, வீடு! என்று பிடித்துக்கொள்கிறது. அடுத்த தடவை அந்தச் சொல்லைப் பார்க்கும்போது கூட்ட வேண்டியதில்லை. டேவிட் ஷேர் என்பவர் 1995ல் இதைச் சுயமாகக் கற்றல் என்று விளக்கினார்: சரியாகக் கூட்டி வாசித்த ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்கு ஒரு பாடம், வாத்தியார் தேவையில்லை. நம் பையன் அமர்ந்தான் என்று கஷ்டப்பட்டுக் கூட்டி முடித்தால் அவன் வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சொல் காதில் விழுகிறது. பிடிக்க ஒன்றுமில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். போஸ்னியாவில் எழுதுகிற மொழி பெரும்பாலும் பேசுகிற மொழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. வந்துச்சு ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். இது முப்பது எழுத்தா இருநூற்று நாற்பத்தேழா என்பதைவிடப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அவன் வாயில் வருகிற சொற்களை மட்டும் வைத்து, அவன் பேசுகிற மாதிரியே நாலு வரி எழுதிக் கொடுங்கள். அப்புறம் அதே விஷயத்தைப் பாடப்புத்தகத் தமிழில் நாலு வரி. செல்போனில் நேரம் பார்த்து இரண்டையும் வாசிக்க வையுங்கள். முதலாவதில் தடையில்லாமல் போனால் எழுத்து இருக்கிறது, மொழிதான் தூரம். இரண்டிலும் ஒரே மாதிரி முக்கினால் விஷயம் வேறு. ஒன்று மட்டும், இணையத்தில் கிடக்கிற நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்கிற ஆங்கில அளவுகளைக் கொண்டுவந்து வைக்காதீர்கள், "வீட்டிலிருந்துதான்" என்பது நமக்கு ஒரே சொல். அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடும் வகுப்போடும் ஒப்பிட்டாலே போதும்.

திருமங்கலத்தான்_வியன்னா:

தெரபிஸ்ட் அக்கா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். போஸ்னியனிலும் சொல் நீளும், ஏழு வேற்றுமை உண்டு, விளிக்குக்கூடத் தனி உருவம். சேரும்போது சத்தம் மாறினால் அந்த மாற்றத்தையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். சிட்டுக்குருவிக்கு "வ்ரபாத்ஸ்", பன்மையில் "வ்ராப்த்ஸி", ஒருமையில் இருந்த மென்மையான ப பன்மையில் வன்மையாகி அதுவே எழுத்திலும் வருகிறது. நம்ம மரம், மரங்கள் ஆகிறபோது ம் போய் ங் வருகிறதே, அதே குணம். பிள்ளைக்கு இதனால் வாசிப்பது சுலபம், காதில் கேட்பதே கண்ணில் தெரியும். இரண்டும் ஒரே குருவிதான் என்று மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:

சரி ஒத்துக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் பேசுகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் பிள்ளை அப்புறம் நல்ல தமிழ் எப்படிப் படிக்கும்? தேர்வில் "உக்காந்தான்" என்று எழுதி வைத்தால் மார்க் யார் போடுவது?

ஓய்வு_வாத்தியார்:

அது நியாயமான கேள்வி. எழுதச் சொல்லவில்லையே, வாசிக்கத்தானே சொன்னார்கள். முதல் படியில் காலை வைக்கட்டும், அப்புறம் அடுத்த படி. என் அனுபவத்தில் ராத்திரி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தூரம் குறைவு. பாட்டி கதை சொல்லும்போது பேச்சுத் தமிழிலேயே தொடங்கி, ராஜா பேசுகிற இடம் வந்தால் "யாரங்கே!" என்று எழுத்துத் தமிழுக்குத் தாவுவாள். பிள்ளைக்கு அந்த இரண்டாவது தமிழ் காதில் ஏறிவிடும். கண்ணுக்கு முன்னால் காதுக்குப் போக வேண்டும். நான் தினமும் மத்தியானம் சோறு முடிந்ததும் பத்து நிமிஷம் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அதனால் என்ன.

மேலூர்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன்.

பையனுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "அப்பா ஆட்டப் பத்திட்டுப் போனாரு. வெயிலு தாங்கல. வேப்ப மரத்தடியில உக்காந்தாரு. ஆடு அங்கிட்டு இங்கிட்டு ஓடிப் போச்சு." முதல் வரியில் திணறினான், இரண்டாவது வரியில் நிமிர்ந்தான், "அங்கிட்டு இங்கிட்டு" வந்ததும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டான். 20 விநாடி. ஆடு எங்கே போச்சு என்று கேட்டேன், "கொல்லையில மேஞ்சிருக்கும்" என்கிறான், நான் எழுதவே இல்லாததை! அப்புறம் அதே கதை புத்தகத் தமிழில், "தந்தை ஆடுகளை ஓட்டிச் சென்றார், வெப்பம் தாங்காமல் வேப்பமரத்தின் அடியில் அமர்ந்தார்" என்று. 54 விநாடி, "அமர்ந்தார்" இடத்தில் மறுபடி என் முகம். "உக்காந்தார்டா" என்றேன். "அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே டீச்சர்" என்றான். என்னிடம் பதில் இல்லை. நேற்றிலிருந்து மத்தியானம் வாத்தியார் ஐயா சொன்னபடி வாசித்துக் காட்ட ஆரம்பித்திருக்கிறேன், எழுத்துத் தமிழ்ச் சொல் வரும்போது நாம வீட்ல இதை எப்படிச் சொல்லுவோம் என்று கேட்கிறேன். போட்டி போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். "சினம்" என்றதற்கு ஒரு குட்டி "சனம்" என்றது.

ஆனால் எனக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. சும்மா இருக்கட்டுமே என்று அதே நாலு வரியை வகுப்பில் எல்லோரையும் வாசிக்க வைத்தேன். ஒரு பெண் பிள்ளை, மூன்றாம் வகுப்பு, ரொம்ப அமைதி. தப்பே செய்ய மாட்டாள், நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும், அதனால் அவளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பேச்சுத் தமிழ் வரிகளுக்கு அவளுக்கு 70 விநாடி ஆனது. புத்தகத் தமிழுக்கு 75. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. வேர்த்துவிட்டது அவளுக்கு. தெரபிஸ்ட் மேடம், நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது ரகமா இது?

பேச்சுப்பயிற்சி_மதுரை:

டீச்சர், நாலு வரியை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் பார்க்க வேண்டிய பிள்ளை அவள்தான். முதலில் கண்ணும் காதும் பரிசோதித்தார்களா என்று பாருங்கள், நாலு வருஷம் கண்ணாடி இல்லாமல் சமாளித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பழக்கமான படங்கள் பத்து, இருபது வரிசையாக ஒட்டி, வேகமாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள், ஆடு, மாடு, குடம், பூ இந்த மாதிரி. எழுத்தே இல்லாத அதிலும் மற்ற பிள்ளைகளைவிட ரொம்ப மெதுவாக வந்தால் குறித்து வையுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் நீங்கள் எடுத்த நேரங்களைத் தேதி போட்டுக் கொடுங்கள், "மெதுவாகப் படிக்கிறாள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட அது உதவும். அதுவரைக்கும் அவளை வகுப்பு முன்னால் நிறுத்திச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள்.

மேலூர்_டீச்சர்:

கண்ணாடி இல்லை, பரிசோதனையும் நடந்த மாதிரி தெரியவில்லை. திங்கட்கிழமை அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். வியன்னா அண்ணே, உங்கள் "ப்ர்ஸ்த்" வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். இப்போது ஒருத்தன் கையைத் தூக்கும்போதெல்லாம் "டீச்சர், பிருசு" என்கிறான்.